ஓட்டுப் போட்டவர்களும் வண்டி ஓட்டியவளும்

டீ குடிக்க வண்டியை நிறுத்தலாமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே டீக்கடை கடந்து போய்விட்டது. அக்கா பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். கடை சிறுத்துக்கொண்டே போய் ஒரு வளைவில் காணாமல் போனது. அதற்குப் பிறகும் பின் இருக்கையில் விவாதம் ஓயவில்லை. கடைசியில் தாடி முன்பக்கமாக எட்டிப் பார்த்தான்.

"முடிவாயிடுச்சு அக்கா. நிறுத்தலாம்."

"எங்கே நிறுத்த? கடை போயே ரொம்ப நேரமாச்சு."

"அப்படியா. அப்போ திரும்பிப் போகலாமான்னு எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அக்கா கியரை மாற்றினாள். கியர் போட்ட வேகத்தில் பின்னால் டிரம்ஸ் பெட்டி தானாகவே ஒரு அடி அடித்துக்கொண்டது.

அவர்கள் குழுவின் பெயர் கொதிநிலை. ஊர் ஊராகப் போய், ஆலை வாசலிலும் சந்தைத் திடலிலும் தொழிற்சங்க அலுவலகத்து மொட்டை மாடியிலும் பாடுகிற குழு. முதலாளிகளைப் பற்றி, நிலத்தைப் பற்றி, போரைப் பற்றிப் பாடுவார்கள். பாடுகிறவள் அக்காவின் கூடப் பிறந்த தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பாட்டு எழுதி கிதார் வாசிக்கிறவன் தாடி. தாடியை மழித்து வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டு வாசிக்கிறவன் டாக்டர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், யாருக்குத் தலை வலித்தாலும் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்பதைத் தவிர வேறு வைத்தியம் சொன்னதில்லை. டிரம்ஸ்காரனுக்கு மௌனம் என்று பெயர். வாயைத் திறக்கமாட்டான். ஓட்டெடுப்பில் கையைத் தூக்குவதோடு அவன் பேச்சு முடிந்துவிடும்.

அக்காவுக்கும் அரசியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் ஒரு பெரிய பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள். விடியும் முன்பே ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்கிவிட்டு, விற்காத பழைய ரொட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவாள். மேலாளரை எதிர்த்துப் பேசினாள் என்று ஒருநாள் வேலையை விட்டு நிறுத்தினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"சின்னவ ஏதோ பாட்டுக் கோஷ்டின்னு அலையறா. அவங்களுக்கு வண்டி ஓட்ட ஆள் இல்லையாம். ஒரே ஒரு தடவை கூடப் போயிட்டு வா. எப்படிப்பட்டவங்ககூடச் சுத்தறான்னு பார்த்துட்டு வந்து சொல்லு."

அந்த ஒரு தடவை முடியவே இல்லை. போனவள் போனவள்தான். வருஷங்கள் ஓடின.

தங்கையின் தோழர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அக்காவுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். ஒரு வார்த்தை சொல்லி இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். குடிக்கமாட்டார்கள், பொய் சொல்லமாட்டார்கள், யாரையும் வா போ என்று தாழ்த்திப் பேசமாட்டார்கள். ஆனால் வண்டிக்கு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தலைவர் இல்லாத குழு; அதனால் பொறுப்பும் யார் தலையிலும் இல்லை. தனியுடைமை ஒழிக என்று பாடிவிட்டு வந்து, தங்கும் இடத்தில் ஒரே ஒரு நல்ல தலையணைக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தங்கும் இடம் என்றால் சங்க அலுவலகத்துத் தரை, இல்லாவிட்டால் பூசி முடிக்காத யாரோ ஒருவருடைய வீடு. சமையல் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்பது விதி. தாடியின் முறை வருகிற அன்றெல்லாம் அக்கா தனியாக ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கி இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொள்வாள்.

பாட்டுகளும் அவளுக்குப் பிடிபடவில்லை. சின்னவளுக்கு நல்ல குரல். உச்சத்துக்குப் போனால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற அக்காவுக்கே உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்தக் குரலில் 'மூலதனத்தின் முதுகெலும்பே' என்று வந்தால் கேட்கிறவன் என்ன செய்வான்? முன்வரிசையில் இருப்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பின்வரிசை மெல்லக் கலையும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தாடி விளக்கம் வேறு கொடுப்பான். விளக்கம் முடிவதற்குள் மிச்சம் இருந்தவர்களும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

போலீஸ் வரும். ஓரமாக நின்று கேட்கும். போய்விடும். இதுதான் தாடிக்கு ஆறாத மனக்குறை. ஓர் ஊரில் ஒரு கான்ஸ்டபிள் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "எங்க வீட்ல காட்டணும், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குத் தாடி சாப்பிடவே இல்லை.

"நம்மை யாருமே தடை பண்ணமாட்டேங்கறாங்க தோழர்களே. நாம எங்கேயோ தப்புப் பண்றோம்" என்றான்.

"புரிஞ்சாத்தானே தடை பண்ணுவாங்க" என்றாள் அக்கா.

சின்னவள் முகம் சுருங்கியது. "நீ வண்டியை மட்டும் பாரு அக்கா."

பேக்கரி மேலாளரும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தான். அக்கா அதை வெளியே சொல்லவில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

கொஞ்ச நாளில் தாடி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் புதுத் தீர்மானத்தோடு வந்தான். ஒருவர் எப்போதும் ஒரே வேலையைச் செய்வதுதான் எல்லா ஏற்றத்தாழ்வுக்கும் வேர் என்றான். இனி எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். மேடையில் இருப்பவர் வண்டி ஓட்ட வேண்டும், வண்டி ஓட்டுகிறவர் மேடை ஏற வேண்டும். கைகள் உயர்ந்தன. அக்கா மட்டும் கையைத் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

முதலில் தாடி வண்டி ஓட்டினான். ஓட்டிக்கொண்டே, அவன் ஓட்டுவது ஏன் வரலாற்றுத் தேவை என்று பின்னால் திரும்பி டாக்டருக்கு விளக்கினான். ஒரு மாட்டு ஆஸ்பத்திரியின் வாசல் தூண் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. அக்கா இறங்கி, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி ஒரு பையில் போட்டாள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

அடுத்தது அக்காவின் முறை. பாட்டுகளுக்கு முன்னால் அவள்தான் பேச வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அன்றைக்கு அவர்கள் போயிருந்தது, அக்கா முன்பு வேலை பார்த்த பேக்கரியின் தலைமை ஆலை இருக்கிற ஊர். சந்தைத் திடலில் நின்றால் ஆலையின் புகைபோக்கி தெரியும். சாயங்கால வேலை விட்டு வந்த பெண்கள், தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தில் நின்றார்கள். பொட்டலம் கட்டுகிற பிரிவுக்காரிகள் என்று அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மைக்கைப் பிடித்ததும் அது கீச்சென்று கத்தியது. தாடி எழுதிக் கொடுத்திருந்த தாளை அக்கா விரித்தாள்.

"அடுத்த பாட்டு, வர்க்கங்களின் வைகறை" என்று படித்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். எரிச்சல் தொண்டை வரை வந்தது. தாளை மடித்தாள்.

"இந்தப் பாட்டை நான் எத்தனையோ ஊர்ல கேட்டிருக்கேன். சத்தியமா எனக்கு இன்னும் புரியல. பாடறது என் தங்கச்சிதான். வீட்ல நல்லாத்தான் பேசுவா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னால் தாடி தொண்டையைக் கனைத்தான். அக்கா நிறுத்தவில்லை. இத்தனை நாள் வண்டிக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது மாதிரி வந்தது. டீக்கு ஓட்டெடுப்பு நடத்துவதைச் சொன்னாள். தாடி சமைப்பதைச் சொன்னாள். மாட்டு ஆஸ்பத்திரித் தூணைச் சொன்னாள். கலைந்து போன ஆட்கள் திரும்பி வந்து நின்றார்கள். அப்புறம் அவள் கண் புகைபோக்கியின் மேல் போய் நின்றது.

"நான் ரொட்டி வண்டி ஓட்டினவ. கடையில விக்காத ரொட்டியெல்லாம் திரும்ப எடுத்துட்டு வருவேன். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகுதுன்னு சொல்வாங்க. ஒருநாள் பார்த்தா, உள்ளே அந்தப் பழைய ரொட்டியோட உறையைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புது உறையில போட்டு, புதுத் தேதி குத்தறாங்க. மறுநாள் என் வண்டியிலேயே ஏத்தறாங்க. நான் இதை ஏத்தமாட்டேன்னேன். நீ வண்டியை மட்டும் பாருன்னாங்க. ஏத்தமாட்டேன்னா ஏத்தமாட்டேன்தான்னேன். மறுநாள் சாவி வேற ஆள் கையில இருந்துச்சு."

முன்வரிசையில் தலையில் வலை கட்டிய ஒருத்தி கேட்டாள், "எந்த பேக்கரி அக்கா?"

அக்கா விரலை நீட்டிப் புகைபோக்கியைக் காட்டினாள்.

கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "இப்பவும் அதேதான் நடக்குது" என்றாள், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மறுநாள் காலையில் சங்க அலுவலகத்துக்குப் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் தாடி சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றான். அவன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த நேரம் அது.

"நீங்க யாரு, குழுவோட தலைவரா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எங்க குழுவுல தலைவர்னு யாரும் கிடையாது."

"அப்போ கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நேத்து பேசின அம்மா யாரு?"

அக்கா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். நல்ல பெயர் வாங்கிய நிறுவனத்தின் மேல் அவதூறு பரப்பியதாகவும் தொழிலாளிகளைத் தூண்டிவிட்டதாகவும் பேக்கரி முதலாளி புகார் கொடுத்திருந்தார். புரட்சி, வர்க்கம், எழுச்சி என்று வருஷக்கணக்காகக் கத்தியவர்களை விட்டுவிட்டு, ரொட்டியைப் பற்றிப் பேசியவளை ஜீப்பில் ஏற்றினார்கள். தாடி ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இருந்தது கவலையா ஏமாற்றமா என்று டாக்டருக்கே விளங்கவில்லை.

ஸ்டேஷனில் அவளை ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டாள், "எங்க வீட்ல அந்த ரொட்டிதான் வாங்கறோம். நெசமாவா?" அக்கா தலையாட்டினாள். கான்ஸ்டபிள் முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வளாகத்தில் ஒரு மரம் நின்றது. அதன் நிழலில் குழு வட்டமாக உட்கார்ந்திருப்பதை அக்கா பார்த்தாள். கூட்டம் நடக்கிறது. தாடி கையை ஆட்டினான். சின்னவள் ஏதோ அழுத்திச் சொன்னாள். கைகள் உயர்ந்தன, தாழ்ந்தன, மறுபடி உயர்ந்தன. பிறகு டாக்டர் எழுந்து தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

"அக்கா, ஒரு சிக்கல். ஜாமீன் கேட்கலாம்னு ஒரு கருத்து. ஜாமீன் கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், நீங்க உள்ளேயே இருக்கறதுதான் சரியான எதிர்ப்புன்னு இன்னொரு கருத்து. ரெண்டு பக்கமும் சமமா வந்துடுச்சு. அதான்..."

"அதான்?"

"உங்க ஓட்டையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அக்கா அவனையே பார்த்தாள். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"என்னை வெளியே எடுக்கலாமா வேணாமான்னு எங்கிட்டயே ஓட்டுக் கேக்க வந்திருக்கே."

"விதிப்படி நீங்களும் ஒரு உறுப்பினர்..."

"யாரு யாரு எந்தப் பக்கம்?"

டாக்டர் தரையைப் பார்த்தான். "நானும் மௌனமும் ஜாமீன் கேட்கலாம்னோம்."

கணக்குப் போட அக்காவுக்கு நேரம் ஆகவில்லை. உள்ளேயே இருக்கட்டும் என்று கையைத் தூக்கியவள், கூடப் பிறந்தவள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அக்கா மடியில்தான் படுப்பேன் என்று அழுதவள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போய்ச் சொல்லு. நான் ஓட்டுப் போடலைன்னு."

ஆனால் அவர்கள் முடிவெடுப்பதற்குள் விஷயம் வேறு பக்கம் போய்விட்டது. காலை வேலைக்குப் போக வேண்டிய பொட்டலப் பிரிவுப் பெண்கள் உள்ளே போகாமல் ஆலை வாசலில் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் வந்த ரொட்டியை இறக்க மறுத்தார்கள். மத்தியானம் முதலாளியின் வக்கீல் ஸ்டேஷனுக்கு வந்தார். வழக்கு நடந்தால் பழைய உறைகளைப் பற்றி நீதிமன்றத்தில் கேள்வி வரும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஏதோ தவறான புரிதல் என்று தாழ்ந்த குரலில் சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அக்காவைப் போகச் சொன்னார்கள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. முன் இருக்கையில் சின்னவள். ஒரு புளியமரத்தடியில் அக்கா வண்டியை ஓரம்கட்டி இஞ்சினை நிறுத்தினாள்.

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஏன் கையைத் தூக்கினே?"

"அது தனிப்பட்ட விஷயம் இல்லை அக்கா. நீ உள்ளே இருந்திருந்தா நாலு ஊர் பேசியிருக்கும்."

"நாலு ஊர் பேசறதுக்கு நான் கம்பி எண்ணணுமா? உன் பாட்டு போதாதா?"

அந்தக் கடைசி வார்த்தை பட்ட இடத்தில் பட்டுவிட்டது. சின்னவள் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினாள்.

"போதலைதான். நான் வருஷக்கணக்கா தொண்டை கிழியப் பாடறேன். வீடு வாசல் விட்டு, படிச்ச படிப்புக்கு வேலை தேடாம, இந்த ஓட்டை வண்டியில சுத்தறேன். ஒருத்தராவது வேலையை நிறுத்தினாங்களா? நீ என்னையும் தாடியையும் கிண்டல் பண்ணிட்டு, ரொட்டியைப் பத்தி நாலு வார்த்தை பேசினே. ஆலையே நின்னுடுச்சு. நேத்து அத்தனை பேரும் உன்னைச் சுத்தி நின்னாங்க. நான் மைக் ஒயரைச் சுருட்டிட்டு இருந்தேன். எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சே?"

"அதனால என்னை உள்ளே வைக்கலாம்னு பார்த்தியா?"

"தெரியல" என்றாள் சின்னவள். "அப்படியும் இருக்கலாம்."

பின் இருக்கையில் தாடி, "தோழர்களே, இதைப் பொதுவுல வெச்சுப் பேசினா" என்று ஆரம்பித்தான்.

அக்கா சாவியை உருவி இருக்கையில் போட்டாள். தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

வீட்டில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படிப்பட்டவங்கன்னு பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். நல்லவங்கதான். அதைத்தான் தாங்க முடியல."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"உண்மையைச் சொன்னா. அதையும் தாங்க முடியல." அக்கா செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

பேக்கரிப் பெண்கள் அவளை விடவில்லை. ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம், வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று போன் மேல் போன். மேடை எனக்கு ஒத்துவராது என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். எரிச்சலாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்குப் பேசிய மாதிரியே பேசுங்கள் என்றார்கள். முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனாள்.

ஆலை வாசலை நெருங்கும்போதே பாட்டுக் கேட்டது. மெட்டு எங்கேயோ கேட்டதாக இருந்தது. கொஞ்சம் நின்றுதான் அடையாளம் தெரிந்தது. சின்னவள் உச்சத்தில் பாடுகிற அந்த மூலதனத்து முதுகெலும்பு. இந்தப் பெண்கள் முதுகெலும்பைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு, அவர்களாகவே வார்த்தை கட்டியிருந்தார்கள்.

நேத்து சுட்ட ரொட்டிக்கெல்லாம்
இன்னைக்குத் தேதி போட்டவரே,
உங்க தேதி எந்தத் தேதி?
குத்தித் தாங்க, பார்க்கலாம்.

ஒருத்தி தகர டப்பாவில் தாளம் போட்டாள். வயதான ஒருத்தி சின்னவள் இழுக்கிற இடத்தில் அப்படியே இழுத்தாள். குரல் எட்டவில்லை, ஆனாலும் விடவில்லை. "இந்த மெட்டு எங்கே பிடிச்சீங்க?" என்று அக்கா கேட்டாள். "அன்னைக்கு உங்க தங்கச்சி பாடினாங்களே. மண்டையை விட்டுப் போகவே மாட்டேங்குது" என்றார்கள்.

அக்காவுக்கு என்னவோ செய்தது. இத்தனை வருஷம் அந்தப் பாட்டை ஏளனம் செய்துகொண்டிருந்தவள், ஆலை மதிலோரம் போய் நின்று தங்கைக்குப் போன் போட்டாள்.

"எங்கே இருக்கே?"

"வண்டியிலதான். மௌனம் ஓட்டறான்." சின்னவள் குரல் கம்மியிருந்தது.

"உன் பாட்டை இங்கே பாடறாங்க. வார்த்தையை மாத்திட்டாங்க. மெட்டு நீ பாடறதுதான். வந்து பாடிக் குடு. மேல போற இடத்துல எல்லாரும் தடுமாறறாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அக்கா, அன்னைக்கு..."

"அன்னைக்கு விஷயத்தை நான் மறக்கப் போறதில்லை. அதைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம். இப்போ வா."

வந்தார்கள். சின்னவள் அந்தப் பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அவர்களுடைய வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு பாடினாள். அரசு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். தேதி மாற்றுகிற வேலை நின்றது. மேலாளர் வேறு ஊருக்குப் போனான். பெண்கள் கேட்டதில் பாதி கிடைத்தது; மீதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்காவுக்குப் பழைய வேலையைத் திரும்பத் தருவதாக ஆள் அனுப்பினார்கள். விடிகாலையில் எழுந்திருக்க உடம்பு இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டாள். உண்மையான காரணத்தைக் கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

வண்டிக்கு அவள் திரும்பி வந்தபோது ஒரு நிபந்தனை போட்டாள். வண்டி எங்கே நிற்கும், எப்போது கிளம்பும், அக்கா மேடை ஏறுவாளா மாட்டாளா, இந்த மூன்றுக்கும் ஓட்டெடுப்புக் கிடையாது. தாடி யோசித்தான்.

"இது கொள்கைப் பிரச்சினை அக்கா. இந்த நிபந்தனையை ஏத்துக்கலாமான்னு ஒரு..."

"வேணாம் தாடி" என்றான் மௌனம்.

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது.

இப்போதும் ஊர் ஊராகப் போகிறார்கள். அழைக்கிறவர்கள், "அந்த ரொட்டிக்காரம்மா வருவாங்களா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சின்னவள் முகம் ஒரு கணம் மாறும், உடனே சரிசெய்துகொள்வாள். அக்கா அதைப் பார்ப்பாள், பார்க்காத மாதிரி இருப்பாள். எரிச்சல் வந்தால் பேசுவாள். எரிச்சலுக்குப் பஞ்சம் இல்லை.

போன வாரம்கூடப் பெரிய தகராறு. ரொட்டிப் பாட்டு எங்கெங்கோ பரவி, யார் யாரோ பாடுகிறார்கள். யாருமே தாடியின் பெயரைச் சொல்வதில்லை. மெட்டு அவன் போட்டது, குறைந்தபட்சம் அதையாவது சொல்ல வேண்டாமா என்று அவன் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தான்.

"சொத்துன்னு எதுவும் யாருக்கும் சொந்தம் இல்லைன்னு எழுதினது யாரு தாடி?" என்று அக்கா கேட்டாள்.

"அது வேற. அது நிலத்தைப் பத்தி."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். அடக்க முடியாமல் போகவே டாக்டரும் சேர்ந்துகொண்டான். தாடி ரோஷத்தோடு, நிலத்துக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தான். அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். வெளிக்காற்றின் இரைச்சலில் அவன் பேச்சில் பாதிதான் காதில் விழுந்தது. மேடு வந்தது. கியரைக் குறைத்து வண்டியை ஏற்றினாள்.